பல் கம்பி, அலைனர் அணியும் சிறார்கள்: வீட்டில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: வரிசை தவறிய பற்களைச் சீராக்குவதற்காகக் கம்பி அணிந்த சிறுவர், சிறுமியரைப் பெருநகரங்களில் மட்டுமன்றி, மாவட்டத் தலைநகரங்களின் பள்ளிகளிலும் இன்று காண முடிகிறது. பேச்சு வழக்கில் 'கிளிப்' என்று அழைக்கப்படும் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். அந்தக் காலம் முழுவதிலும் குழந்தை மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் அது ஓரிரு பகல் பொழுதுகளுக்கு மேல் வராது. மற்ற நாள்கள் அனைத்தும் வீட்டிலும் பள்ளியிலும் கழிபவை. பற்கள் எவ்வளவு நேராகின்றன என்பதில் மருத்துவரின் திறமைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் நேரான பற்கள் நலமான பற்களாகவும் எஞ்சுமா என்பதை முடிவு செய்வது, குளியலறைக் கண்ணாடியின் முன்பும் சாப்பாட்டுத் தட்டின் முன்பும் நாள்தோறும் நடப்பவையே.

கம்பியைக் கழற்றும் நாளில் ஏமாற்றம் அடையும் பெற்றோரைப் பல் மருத்துவர்கள் நன்கு அறிவர். பற்கள் அழகாக வரிசைப்பட்டிருக்கும். ஆனால் முன்பற்களில், கம்பியைத் தாங்கிய சிறு பொத்தான் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல வெண்ணிறத் திட்டு தெரியும். இரண்டு ஆண்டுச் செலவும் காத்திருப்பும் முடிந்தபின் காணக் கிடைக்கும் இந்தத் தழும்பு, ஏறத்தாழ முழுவதும் தவிர்க்கக்கூடிய ஒன்று.

வெண்திட்டு எவ்வாறு தோன்றுகிறது?

பல்லின் மேற்புறத்தை மூடியுள்ள எனாமல், மனித உடலில் உள்ள பொருள்களிலேயே மிகவும் கடினமானது. ஆயினும் அமிலத்தின் முன் அது கரையும் தன்மை உடையது. உணவில் உள்ள சர்க்கரையையும் மாவுப்பொருளையும் வாயில் வாழும் பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் அமில-காரக் குறியீடு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்குகின்றன. இனிப்பு உண்ட சில நிமிடங்களில் இந்த இறக்கம் நிகழ்கிறது. உமிழ்நீர் அதைச் சமன்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் அளந்து காட்டிய இந்த ஏற்ற இறக்கம், 'ஸ்டீபன் வளைகோடு' என்ற பெயரில் பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

கம்பி இல்லாத வாயில் நாக்கும் கன்னமும் உமிழ்நீரும் ஓரளவு தாமாகவே பற்களைத் துடைத்துவிடுகின்றன. ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொத்தான், அதன்மீது கம்பி, கம்பியைப் பிடித்து நிறுத்த ரப்பர் வளையம் என்று அடுக்கியபின் அந்த இயற்கைத் துடைப்பு நடைபெறுவதில்லை. பொத்தானுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட குறுகிய பட்டையில் உணவுத் துணுக்குகளும் பாக்டீரியாப் படலமும் தங்கிவிடுகின்றன. அந்தப் படலம் அகற்றப்படாமல் தொடர்ந்து இருந்தால் நான்கு வாரங்களுக்குள்ளேயே வெண்திட்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கலாம். அதாவது, மருத்துவரிடம் செல்லும் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைப்பட்ட காலமே இதற்குப் போதும். தொடக்க நிலையில் கண்டறிந்தால் ஃபுளோரைடின் உதவியால் ஓரளவு மீளும். முற்றிய பின் நிறம் நிலைத்துவிடும். அதையும் கவனிக்காவிட்டால் அதே இடத்தில் சொத்தைக் குழி விழும்.

இதனால்தான் சொத்தைப் பற்களை அடைத்து, பற்களைச் சுத்தம் செய்த பிறகே கம்பி பொருத்துவது முறையாகும். துலக்கும் பழக்கம் சீரடையும் வரை கம்பி பொருத்த மாட்டேன் என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பினால், பெற்றோர் அதற்காக வருந்தத் தேவையில்லை. அவர் குழந்தையின் நன்மையைக் கருதியே அவ்வாறு செய்கிறார்.

இரவில் துலக்குவதே முதன்மை

காலையில் எழுந்ததும் பல் துலக்குவது நம் நாட்டின் எல்லா வீடுகளிலும் வேரூன்றிய வழக்கம். இரவில் துலக்குவது அவ்வாறு வேரூன்றவில்லை. கம்பி அணிந்த குழந்தைக்கு இந்த வரிசையை மாற்ற வேண்டும். உறக்கத்தின்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே, பற்களில் உணவு ஒட்டியிருக்க உறங்கும் எட்டு மணி நேரமே எனாமலுக்கு மிகவும் ஆபத்தான நேரம். இரவு உணவுக்குப் பின், படுக்கைக்குச் செல்லும் முன், நிதானமாக ஒரு முறை முழுமையாகத் துலக்கிவிட வேண்டும். அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. உறங்கும் முன் சர்க்கரை கலந்த பால் குடிக்கும் குழந்தைகள் அதைத் துலக்குவதற்கு முன்பாகவே குடித்துவிடுவது நல்லது.

துலக்கும் முறையும் சற்று மாறுகிறது. மென்மையான நார்களும் சிறிய தலைப்பகுதியும் கொண்ட தூரிகை போதுமானது. நடுவரிசை நார்கள் பள்ளமாக வெட்டப்பட்ட, கம்பி அணிபவர்களுக்கென்றே வரும் தூரிகையும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. முதலில் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் தூரிகையைச் சாய்த்து வைத்து, சிறு வட்டங்களாக அசைக்க வேண்டும். அடுத்து கம்பியின் மேற்பக்கத்திலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தும், பிறகு கம்பியின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்த்தும் ஒவ்வொரு பொத்தானின் விளிம்பையும் தேய்க்க வேண்டும். மெல்லும் பரப்பையும் உட்புறத்தையும் மறக்கக் கூடாது. சாதாரணமாகப் பரிந்துரைக்கப்படும் இரண்டு நிமிடம் இதற்குப் போதாது. தொடக்க வாரங்களில் நான்கைந்து நிமிடம் பிடிக்கும்.

தூரிகை எட்டாத இடம் ஒன்று உண்டு. இரண்டு பொத்தான்களுக்கு நடுவே, கம்பிக்குப் பின்னால் உள்ள பகுதி அது. பாட்டில் கழுவும் தூரிகையைச் சிறிதாக்கியது போன்ற பல்லிடைத் தூரிகையை அங்கே மேலிருந்தும் கீழிருந்தும் நுழைத்துத் துடைக்க வேண்டும். பற்களுக்கு இடையே நூல் கொண்டு சுத்தம் செய்வதற்கு, கம்பியின் அடியில் நூலைக் கோத்துச் செலுத்தும் நெகிழி ஊசி உதவும். நீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் கருவி துணுக்குகளை நன்றாக வெளியேற்றும்; ஆனால் ஒட்டியுள்ள படலத்தைத் தூரிகையைப் போல அது அகற்றாது. விலை உயர்ந்த அந்தக் கருவியை வாங்கியதாலேயே தூரிகை வேலையைக் குறைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு என்பதால், இது கூடுதல் உதவி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய வழி, பொத்தான்களின் விளிம்பைப் பார்ப்பது. வெளிச்சத்தில் உலோகம் பளபளத்து நான்கு விளிம்புகளும் கூர்மையாகத் தெரிந்தால் சரி. விளிம்பு மங்கலாகவோ, மாவு பூசியது போலவோ தெரிந்தால் மறுபடியும் துலக்க வேண்டும். எஞ்சியுள்ள படலத்தை நிறமேற்றிக் காட்டும் மாத்திரைகளையும் சில மருத்துவர்கள் தருகின்றனர். வாரம் ஒரு முறை அதைப் பயன்படுத்தினால், பெற்றோர் திட்ட வேண்டிய தேவையின்றிக் குழந்தையே தன் கண்ணால் கண்டுகொள்ளும். பத்து, பதினோரு வயது வரை இரவில் ஒரு முறை பெற்றோர் பார்வையிடுவது அவசியம். பதினைந்து வயதுப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது உறவுக்கு நல்லதல்ல. அங்கே மாத்திரையே மேல்.

துலக்கும்போது ஈறிலிருந்து இரத்தம் கசிந்தால் பல குழந்தைகள் பயந்து அந்த இடத்தை விட்டுவிடுகின்றனர். உண்மையில் அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருப்பதன் அடையாளமே அந்தக் கசிவு. மென்மையாகத் தொடர்ந்து துலக்கினால் ஓரிரு வாரங்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்தப் பற்பசை?

ஃபுளோரைடு உள்ள பற்பசை எதுவாயினும் போதுமானது. இந்தியாவில் விற்கப்படும் பற்பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும், அதன் அளவை உறையில் குறிப்பிட வேண்டும் என்பதும் மருந்து மற்றும் அழகு சாதனப் பொருள் விதிகளில் இடம்பெற்றுள்ளன. ஆகவே உறையைத் திருப்பிப் படித்தாலே ஃபுளோரைடு உள்ளதா, இல்லையா என்பது தெரிந்துவிடும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். உடனே பலமுறை நீரால் கொப்பளித்தால் பற்களில் படிய வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தானின் பல மாவட்டங்கள் எனக் குடிநீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் நம் நாட்டில் உள்ளன. அங்கு வாழும் பெற்றோர் இதைப் பற்றித் தயங்குவது இயல்பே. துப்பத் தெரிந்த வயதுப் பிள்ளைகள் சாதாரணப் பற்பசையைப் பயன்படுத்துவதை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஃபுளோரைடு வாய்க் கொப்பளிப்பு நீர், அடர்த்தி மிகுந்த ஜெல் ஆகியவற்றை அந்தப் பகுதிகளில் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. குளோர்ஹெக்சிடின் கலந்த கொப்பளிப்பு நீரும் மருத்துவர் சொன்ன நாள்களுக்கு மட்டுமே. நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும்.

வேப்பங்குச்சி, கருவேலங்குச்சி போன்றவற்றுக்கு நம் மரபில் நெடிய வரலாறு உண்டு. எனினும் கம்பிக்கு அடியில் அவை நுழைவதில்லை. பொத்தானில் இடறினால் அதைப் பெயர்த்தும் விடும். கரித்தூள், உப்பு, சொரசொரப்பான பற்பொடி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும். வெண்மையாக்கும் பற்பசையையும் சிகிச்சை முடியும் வரை தள்ளி வைப்பது நல்லது.

தட்டில் எதைச் சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது?

பொத்தானைப் பல்லில் ஒட்டும் பசை வேண்டுமென்றே அளவான வலிமையுடன்தான் தயாரிக்கப்படுகிறது. சிகிச்சை முடிந்ததும் எனாமலுக்குச் சேதமின்றி அதைக் கழற்ற வேண்டும் அல்லவா? எனவே கடினமான ஒன்றைக் கடித்தால் பல் தப்பும், பொத்தான் பெயரும். பெயர்ந்த பொத்தானை மறுபடி ஒட்டும் வரை அந்தப் பல் நகர்வதில்லை, அல்லது தவறான திசையில் நகர்கிறது. இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய சிகிச்சை இரண்டரை ஆண்டாக நீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வடமாநிலங்களில் ஜனவரி மாதம் இதற்குச் சோதனைக் காலம். லோஹ்ரி, மகர சங்கராந்தியை ஒட்டி வீடுதோறும் வந்து சேரும் கஜக், ரேவ்டி, கடலை மிட்டாய் ஆகிய மூன்றும் கடினமாகவும் ஒட்டும் தன்மையோடும் சர்க்கரை அல்லது வெல்லத்தோடும் இருப்பவை. கம்பிக்கு ஆகாத மூன்று குணங்களும் ஒரே பண்டத்தில் அமைந்துவிடுகின்றன. கரும்பைக் கடித்துத் தின்பது, தீயில் வாட்டிய சோளக் கதிரைக் கடிப்பது, முறுக்கு, வறுத்த கொண்டைக்கடலை, எலும்போடு கூடிய இறைச்சி, ஐஸ் கட்டியை மெல்லுவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும். சூயிங்கம்மும் சவ்வு மிட்டாயும் முற்றிலும் வேண்டாம். குழந்தைகள் ரகசியமாக மெல்லும் இனிப்புப் பாக்கு, கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடுக்கப்பட வேண்டியதே.

ஆயினும் பண்டிகை நாளில் குழந்தையை ஒதுக்கி உட்கார வைக்க வேண்டியதில்லை. வேக வைத்த மோதகம், பாயசம், ரசகுல்லா, அல்வா போன்றவை கம்பியைப் பெயர்ப்பதில்லை. அவற்றை உணவோடு சேர்த்து ஒரே வேளையில் உண்டு, பின் துலக்கிவிட்டால் போதும். நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொறிப்பதே தீங்கு. மேலே சொன்ன ஸ்டீபன் வளைகோடு ஒவ்வொரு முறை வாயில் இனிப்பு படும்போதும் புதிதாகத் தொடங்குகிறது. ஒரு வேளையில் நான்கு இனிப்பு உண்பதைவிட, நான்கு வேளையில் ஒவ்வொன்றாக உண்பது பற்களுக்குக் கூடுதல் கேடு. குளிர்பானமும் பொட்டலப் பழச்சாறும் சர்க்கரையையும் அமிலத்தையும் ஒன்றாகக் கொண்டுவருபவை என்பதால் வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பதே எளிது.

ஆப்பிள், கொய்யா, கேரட் போன்றவற்றை விலக்கத் தேவையில்லை. மெல்லிய துண்டுகளாக நறுக்கிக் கொடுத்து, முன்பற்களால் கடிக்காமல் கடைவாய்ப் பற்களால் மெல்லச் சொன்னால் போதும். சோளத்தை உதிர்த்து வேக வைக்கலாம். தந்தூரி ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்து உண்ணலாம். உருளைக்கிழங்கு வறுவல் கடினமானதல்ல என்று பெற்றோர் கருதுகின்றனர். ஆனால் அது பசை போலக் கம்பியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வெகுநேரம் தங்கும்.

மஞ்சளைப் பற்றி ஒரு சொல். பொத்தான்களில் மாட்டப்படும் ரப்பர் வளையங்கள் மஞ்சள் நிறத்தை விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். வெண்ணிற அல்லது நிறமற்ற வளையத்தை ஆசையோடு தேர்ந்தெடுத்த குழந்தை, பருப்புக் குழம்போ கோழிக் குழம்போ உண்ட மறுநாள் மஞ்சள் பற்களோடு பள்ளி செல்ல நேரிடும். இதனால் பல்லுக்குத் தீங்கு ஏதுமில்லை. அடுத்த முறை வளையத்தை மாற்றும்போது போய்விடும். நம் சமையலுக்கு அடர் நிற வளையமே பொருத்தம்.

அலைனர்: கழற்ற முடிவதே வசதி, அதுவே சிக்கல்

பல்லின் மீது உறைபோல மாட்டிக்கொள்ளும், கண்ணாடி போன்ற நெகிழித் தட்டு அலைனர் எனப்படுகிறது. 1997-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தால் பரவலான இந்த முறை இப்போது இந்திய நகரங்களிலும் பெருகி வருகிறது. ஒவ்வொரு தட்டும் பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஓரிரு வாரங்களுக்கு ஒரு முறை அடுத்த தட்டுக்கு மாற வேண்டும். நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிறைவேறும். அதாவது மூன்று வேளை உணவு, துலக்குதல் அனைத்துக்கும் சேர்த்து எஞ்சுவது இரண்டு மணி நேரம், அதிகம் போனால் நான்கு. மணிக்கு ஒரு முறை ஏதேனும் கொறிக்கும் குழந்தைக்கு இது ஒத்துவராது.

தட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரைத் தவிர எதையும் அருந்தக் கூடாது. தேநீரும் பழச்சாறும் தட்டுக்கும் பல்லுக்கும் இடையே புகுந்து அங்கேயே தேங்கிவிடும். உமிழ்நீர் சென்று கழுவவும் வழியில்லை. கம்பி அணிந்தவரைவிட விரைவாகச் சொத்தை வருவது இவ்வாறுதான். உணவுக்குப் பின் பல் துலக்கிவிட்டே தட்டை மறுபடி மாட்ட வேண்டும். பள்ளியில் அதற்கு வழியில்லை எனில், நன்றாக நீரால் கொப்பளித்து, தட்டையும் கழுவி மாட்டிக்கொண்டு, வீடு திரும்பியதும் துலக்க வேண்டும். துலக்க முடியவில்லை என்பதற்காக மதியம் முதல் மாலை வரை தட்டைப் பையிலேயே வைத்திருப்பது தவறு.

அலைனர் தொலையும் இடம் பெரும்பாலும் ஒன்றே: சாப்பாட்டு மேசை. கழற்றிய தட்டைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைப்பார்கள். மேசையைத் துடைப்பவர் அதைக் குப்பையில் போடுவார். திருமண விருந்திலும் உணவகத்திலும் இது வாடிக்கை. எனவே அதற்குரிய பெட்டி எப்போதும் குழந்தையின் சட்டைப் பையிலோ புத்தகப் பையின் ஒரு குறிப்பிட்ட அறையிலோ இருக்க வேண்டும். டிபன் பெட்டியின் மூடியில் வைப்பதும் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் தட்டை உயரத்தில் வைக்க வேண்டும். உமிழ்நீர் வாசனைக்கு ஈர்க்கப்பட்டு அவை கடித்துவிடும்.

தட்டைக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், மென்மையான தூரிகையால், நிறமற்ற சோப்பு நீர் கொண்டு கழுவலாம். பற்பசை அதில் கீறல் விழச் செய்யும். கொதிநீரில் போட்டால் வடிவம் மாறி, பிறகு பொருந்தவே பொருந்தாது. மே மாத வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டாலும் இதே கதிதான். தட்டைக் கழற்றும்போது ஒரு பக்கமாக இழுக்காமல், இரு பக்கக் கடைவாய்ப் பற்களின் உட்புறத்திலிருந்து தளர்த்தி எடுக்க வேண்டும். அதற்குமுன் கைகழுவுவதும் மாணவர்களுக்குப் பழக வேண்டும்.

தட்டு தொலைந்துவிட்டால் முந்தைய தட்டை உடனே மாட்டிக்கொண்டு மருத்துவரை அழைக்க வேண்டும். இதற்காகவே கடைசியாக முடித்த தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது வழக்கம். பற்களை வெறுமனே விட்டால் சில நாள்களிலேயே அவை பின்னோக்கி நகரத் தொடங்கும். மறதி மிகுந்த, தன் பொருள்களை அடிக்கடி தொலைக்கும் குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாத அலைனரைவிட ஒட்டப்பட்ட கம்பியே ஏற்றது. அழகுக்காக அதை மறுப்பது பிறகு இருமடங்கு செலவில் முடியக்கூடும்.

இணையம் வழியே அச்செடுத்து அனுப்பினால் தட்டுகளை வீட்டுக்கே அனுப்பும் சேவைகளிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய சேவையில் முன்னணியில் இருந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நட்டாற்றில் விடப்பட்டனர். வளரும் வயதில் தாடை எலும்பும் இன்னும் முளைக்காத பற்களும் எக்ஸ்ரே எடுத்தே மதிப்பிடப்பட வேண்டும். நேரில் பரிசோதிக்காமல் குழந்தையின் பல்லை நகர்த்துவதை ஏற்கவே கூடாது. சிகிச்சையைத் திட்டமிடுபவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை.

வலியும் அவசரமும்

கம்பி பொருத்திய அல்லது இறுக்கிய சில மணி நேரத்தில் தொடங்கும் வலி, மறுநாள் உச்சத்தை அடைந்து, நான்கைந்து நாளில் அடங்கும். அந்த நாள்களில் கிச்சடி, கோதுமை ரவைக் கஞ்சி, இட்லி, தயிர் சாதம், மசித்த வாழைப்பழம் ஆகியவை கைகொடுக்கும். தேவைப்பட்டால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் சிறாருக்குக் கூடாது. தேர்வு நாளுக்கு முந்தைய தினம் கம்பி இறுக்கச் செல்லாமல் தேதியை மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

உதட்டிலும் கன்னத்திலும் பொத்தான் உரசிப் புண்ணானால், மருத்துவர் தரும் மெழுகைச் சிறு உருண்டையாக்கி, பொத்தானை ஈரமின்றித் துடைத்துவிட்டு அதன்மீது அழுத்த வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால் புண் விரைவில் ஆறும். கம்பியின் முனை பின்னால் நீண்டு குத்தினாலும் முதல் உதவி மெழுகுதான். பெயர்ந்த பொத்தான் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அதை இழுக்காமல், மெழுகால் நிலைநிறுத்தி, மருத்துவரிடம் தெரிவித்துவிட்டுச் செல்ல வேண்டும். வீட்டுப் பசை எதையும் வாய்க்குள் பயன்படுத்தக் கூடாது. கழன்ற துண்டை விழுங்கியபின் இருமலோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், வலியில் அழுத்தி விழுந்து காயம்பட்டு இரத்தம் நிற்காமல் கசிந்தால், முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், பல் மருத்துவரின் நேரத்துக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலைப்பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கம்பி அணிந்திருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உலோகம் படத்தைக் கலங்கச் செய்யும்.

தோல் பந்து கிரிக்கெட், ஹாக்கி, கபடி, குத்துச்சண்டை ஆடும் குழந்தைகளுக்கு, கம்பி அணிந்தவர்களுக்கென வடிவமைக்கப்பட்ட வாய்க் கவசம் தேவை. அடி விழுந்தால் உதட்டைக் கிழிப்பது பந்தைவிடப் பெரும்பாலும் பொத்தான்களே. புல்லாங்குழல், ஷெனாய், எக்காளம் பயில்வோர் முதல் சில வாரங்கள் தடுமாறுவர். மெழுகுடன் சிறுகச் சிறுகப் பயின்றால் பழகிவிடும்.

ரப்பர் பட்டையும் குழந்தையின் மனமும்

மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் இணைத்து மாட்டும் சிறு ரப்பர் பட்டைகளைச் சிகிச்சையின் பிற்பகுதியில் பலருக்குத் தருவார்கள். இவற்றைக் குழந்தையே மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதால், சிகிச்சை தடைப்படும் இடமும் இதுவே. பகலில் கழற்றி வைத்துவிட்டு, ஈடுகட்டும் எண்ணத்தில் இரவில் இரண்டு பட்டைகளைச் சேர்த்து மாட்டுவது தீங்கானது; அளவுக்கு மீறிய விசை பல்லின் வேரைப் பாதிக்கலாம். ரப்பரின் இழுவிசை நாளடைவில் தளர்வதால், சொன்னபடி நாள்தோறும் புதியதை மாட்ட வேண்டும். பேனா முனையைக் கடிப்பது, நகம் கடிப்பது ஆகிய இரண்டும் கம்பியை வளைத்துவிடும். விரல் சூப்புவதும் நாக்கால் முன்பற்களைத் தள்ளுவதும் தொடர்ந்தால், மருத்துவர் ஒரு திசையில் நகர்த்தும் பல்லைக் குழந்தை மறு திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். வாயால் மூச்சு விடும் குழந்தையைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வகுப்பில் கேலிக்கு ஆளாகும் குழந்தை சிரிப்பதை நிறுத்திவிடுவதும், பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வதும் உண்டு. சில குழந்தைகள் பள்ளியில் கொப்பளிப்பதற்குக்கூட வெட்கப்படுகின்றனர். மடிக்கும் தூரிகை, சிறு கண்ணாடி, மெழுகு, பல்லிடைத் தூரிகை ஆகியவற்றை ஒரு சிறு பையில் தந்து, வகுப்பாசிரியரிடம் ஒரு முறை பேசி, மதிய உணவுக்குப் பின் இரண்டு நிமிடம் அனுமதி பெற்றுத் தருவது பெற்றோர் செய்யக்கூடிய எளிய உதவி. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. துலக்கும் நேரம் மட்டுமே அவர்கள் கையில் உள்ளது.

கம்பி கழன்ற பிறகு

பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு உள்ளது. கம்பி அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைந்து, மறு பக்கத்தில் புதிய எலும்பு உருவாவதால்தான் பல் நகர்கிறது. கம்பியைக் கழற்றும்போது அந்தப் புதிய எலும்பு இன்னும் முதிர்ந்திருக்காது. ஈறில் உள்ள சில நார்கள் புதிய நிலைக்குப் பழக ஓராண்டு வரை ஆகின்றன. அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும்.

பல்லை அந்த இடத்தில் நிறுத்தி வைப்பதற்கே ரீடெய்னர் தரப்படுகிறது. பற்களின் பின்னால் ஒட்டப்படும் மெல்லிய கம்பியாகவோ, கழற்றி மாட்டும் தட்டாகவோ அது இருக்கும். முதல் சில மாதங்கள் பெரும்பாலான நேரமும், பின்னர் இரவில் மட்டும் பல ஆண்டுகளும் அணிய வேண்டியிருக்கும். கம்பி கழன்ற மகிழ்ச்சியில் பதினாறு வயதில் அதை அலமாரியில் போட்டுவிட்டு, கல்லூரி முடிக்கும்போது மறுபடி கோணிய பற்களோடு மருத்துவரிடம் வருபவர்கள் குறைவல்லர். இரண்டாம் முறை செய்யப்படும் சிகிச்சைக்கும் முழுக் கட்டணமே வசூலிக்கப்படும்.

கட்டணம் தடையாக இருக்கும் குடும்பங்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். டெல்லியில் மவுலானா ஆசாத் பல் அறிவியல் நிலையமும் எய்ம்ஸின் பல் மருத்துவ மையமும், மும்பையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும், நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியாக 1920-ல் தோன்றிய கொல்கத்தாவின் டாக்டர் ஆர். அகமது கல்லூரியும் இவற்றுள் சில. காத்திருப்புக் காலம் நீளலாம் என்பதால், அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைப்பதுபோல் ஏழு வயதிலேயே ஒரு முறை பரிசோதித்துப் பெயரைப் பதிந்து வைப்பது பயனுள்ளது.

இரவில் மாட்டும்போது ரீடெய்னர் வழக்கத்தைவிட இறுக்கமாகத் தோன்றினால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றிலிருந்து தவறாமல் அணிந்தால் பல சமயம் பழைய நிலைக்கே திரும்பும். மாட்டவே முடியாத அளவுக்கு மாறியிருந்தால் வலுக்கட்டாயமாக அழுத்தாமல், அதே வாரத்தில் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும்.